சிப்பிப் பொத்தானும் ஓஸ்லோ ஆற்றின் சிப்பியும்

பழைய சட்டையிலிருந்து அறுந்து விழுந்த ஒரு சிப்பிப் பொத்தானை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக் பொத்தானில் அந்தக் குளிர்ச்சி இராது. சிப்பி வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும், பிளாஸ்டிக் அவ்வளவாகக் கடத்தாது என்பதோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பொத்தானை அம்மியில் இட்டு நசுக்கிப் பார்க்கும் துணிவு உள்ளவருக்கு மற்றொரு புதிர் காத்திருக்கிறது. நசுக்கினால் மிஞ்சுவது வெறும் வெள்ளைத் தூள். சாய்த்துப் பிடிக்கும்போதெல்லாம் இளஞ்சிவப்பும் பசுமையும் நீலமுமாக ஓடி மறைந்த அந்த ஒளி தூளில் துளிகூட இல்லை. சாயம் ஏறியதனால் வந்த நிறமாயின் தூளிலும் அது தங்கியிருக்க வேண்டும். தூளை ரசாயனப் பரிசோதனைக்கு உட்படுத்தினாலோ, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எந்தக் கிளிஞ்சலைச் சுட்டு எடுக்கப்படுகிறதோ அந்தக் கிளிஞ்சலின் கால்சியம் கார்பனேட்டேதான் இது என்று தெரிகிறது. நிறமற்ற பொருள் நிறத்தை எங்கிருந்து பெற்றது, நசுக்கியவுடன் அதை எங்கே போக்கியது?

சிப்பிக்குள் இருக்கும் பிராணிக்கு உடலைச் சுற்றிப் போர்வையாக ஒரு மெல்லிய தோல் உண்டு. நீரிலிருந்தும் உணவிலிருந்தும் பெற்ற கால்சியத்தை இப்போர்வைத் தோல் ஓட்டின் உட்புறத்தில் தகடு தகடாகப் படிய வைக்கிறது. தகடு ஒவ்வொன்றும் அரகொனைட் என்னும் படிக வகையைச் சேர்ந்தது. கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, அதனினும் பன்மடங்கு மெல்லியதாய், பிராணியின் உடலில் சுரந்த புரதப் பசை இருக்கிறது. இவ்வாறு அடுக்கப்பட்ட உட்பூச்சை முத்துப் படலம் என்று அழைக்கலாம். முத்தும் இதே படலம் உருண்டையாகத் திரண்டதுதான். நம் முன்னோரின் பனையோலைச் சுவடிக் கட்டு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப் போவது எளிதில் விளங்கும்: ஓலைமேல் ஓலையாக அடுக்கிய அந்தக் கட்டினுள் எத்தனை ஏடுகள் உண்டோ, அவற்றைப் போல் பல மடங்கு ஏடுகள் ஒரு பொத்தானின் கனத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

ஒளி அலையின் நீளமும் இந்த ஏட்டின் கனமும் ஏறக்குறைய ஒரே அளவினவாய் அமைந்திருப்பதே விசித்திரங்களுக்கெல்லாம் மூலம். மேலேட்டில் பட்டு மீளும் அலையும் அதற்கு அடுத்த ஏட்டில் பட்டு மீளும் அலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, சில நிறங்களுக்கு அலைமேடும் அலைமேடும் பொருந்தி ஒளி கூடுகிறது. வேறு சில நிறங்களுக்கு மேடும் பள்ளமும் எதிர்ப்பட்டு ஒளி அவிந்துபோகிறது. குறுக்கீட்டு விளைவு என்று பாடப் புத்தகங்கள் இதனைச் சொல்லும். பார்க்கும் கோணம் மாறினால் அலைகள் கடக்கும் தூரமும் மாறுமாதலின் நிறமும் இடம் பெயர்கிறது. நசுக்கினால் ஏடுகளின் ஒழுங்கு குலைகிறது. ஒழுங்கு போனபின் நிறமும் போய்விடுகிறது.

சிப்பியின் நிறம் பொருளில் அன்று, அமைப்பில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் தற்செயலானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர் ஒரு சிப்பித் துண்டைக் குங்கிலியமும் தேன்மெழுகும் கலந்த பசையினால் தம் கருவியில் ஒட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து சிப்பியைப் பெயர்த்தபோது, அது ஒட்டியிருந்த மெழுகின்மேலும் சிப்பியின் நிறங்களே மின்னக் கண்டார். மெழுகில் சிப்பியின் பொருள் அணுவளவும் இல்லை. அங்கே பதிந்தது அதன் மேற்பரப்பின் உருவம் மட்டுமே. 1814-இல் இதை வெளியிட்ட அவர், மெழுகுக்குத் தொற்றும் நிறங்கள், தொற்றாத நிறங்கள் என்று சிப்பியின் நிறங்களை இரண்டாகப் பிரித்தார். நமது சுவடிக் கட்டைச் சற்றே சாய்வாகச் சீவினால் ஏடுகளின் ஓரங்கள் நெருக்கமான இணைகோடுகளாக வெளித்தெரியுமல்லவா? பட்டை தீட்டிய சிப்பியின் முகத்திலும் அத்தகைய கோடுகள் உள்ளன. ஒளி அவற்றின் விளிம்புகளில் வளைந்து சிதறுவதனால் பிறப்பவை தொற்றும் நிறங்கள். உள்ளேடுகளிலிருந்து மீளும் ஒளியால் பிறப்பவை தொற்றாதவை. லண்டன் நாணயச் சாலையின் அதிகாரியாயிருந்த ஜான் பார்ட்டன், 1822-இல், எஃகு அச்சில் ஓர் அங்குலத்துக்குள் ஆயிரக்கணக்கான கோடுகள் கீறி, அவ்வச்சினால் உலோகப் பொத்தான்களை அடித்து வானவில் நிறம் ஏற்றுவதற்குக் காப்புரிமை பெற்றார். இயற்பியல் மாணவர்கள் இன்று பரிசோதனைக் கூடத்தில் கையாளும் கீற்றணியும் பார்ட்டனின் பொத்தானும் ஒரே தத்துவத்தைச் சேர்ந்தவை.

இந்த ஆராய்ச்சியில் நம்மவருக்கும் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், பெங்களூரில் தாம் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் சஞ்சிகையில், அதன் முதல் தொகுதியிலேயே, ஒளிரும் சிப்பிகளைப் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார். மேற்பரப்பிலிருந்து மீளும் ஒளியோடு அவர் நிற்கவில்லை. மெல்லியதாகத் தேய்த்த சிப்பியினூடே ஒளியைச் செலுத்தி, மறுபுறத்தில் தோன்றும் ஒளிவட்டங்களின் வடிவத்தையும் ஆராய்ந்தார். உடைக்காமலும் சிதைக்காமலும் ஒரு பொருளின் உள்ளமைப்பை ஒளியைக் கொண்டே விசாரித்தறியும் வழி அது.

அழகுக்குக் காரணமான அதே அடுக்குதான் பொத்தானின் உறுதிக்கும் காரணம். சுண்ணாம்புப் பொருள் இயல்பில் நொறுங்குவது. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி கைதவறினால் இரண்டாகிறது. முத்துப் படலத்திலோ, ஓரிடத்தில் தோன்றிய விரிசல் நேர்க்கோட்டில் ஓட முடியாமல், ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்து, புரதப் பசையை இழுத்துக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உள்ள அந்தப் பசையின் தயவினால், தூய அரகொனைட்டை உடைக்கத் தேவையான உழைப்பைப் போல் ஏறத்தாழ 3000 மடங்கு உழைப்பு முத்துப் படலத்தை உடைக்கத் தேவைப்படுகிறது. வண்ணான் துறைக் கல்லில் ஆண்டுக்கணக்காக அடிபட்ட பொத்தான் பிழைத்திருந்ததன் ரகசியம் இதுவே. எலுமிச்சம்பழச் சாற்றுக்கு மட்டும் அது ஈடுகொடுக்காது. அமிலம் பட்டால் கால்சியம் கார்பனேட் நுரைத்துக் கரையும். பட்டறைக்காரர்கள் இந்தப் பலவீனத்தையே உபயோகமாக்கிக்கொண்டார்கள்: கடைந்த பொத்தான்களை நீர்த்த அமிலத்தில் சிறிது நேரம் உருட்டினால் மேலே நின்ற சொரசொரப்பு கரைந்து பளபளப்பு ஏறும்.

பட்டறை வேலையைப் பீகார் மாநிலத்துக் கிழக்குச் சம்பாரணில் உள்ள மெஹ்சி என்ற ஊரில் குடும்பத் தொழிலாகக் காணலாம். புலாவன் லால் என்ற பள்ளி உதவி ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அதைத் தொடங்கினார். சிக்ரஹனா ஆற்றின் சிப்பியே மூலப்பொருள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒருவர் நீர் சொட்டச் சொட்டச் சுழலும் குழாய் ரம்பத்தின்மேல் சிப்பியை அழுத்தி வட்ட வில்லைகளை அறுத்தெடுக்க, மற்றொருவர் அவற்றைச் சாணையில் பிடித்து ஒரே கனத்துக்குக் கொண்டுவர, முகத்தில் குழிவு கடைதல், இரண்டோ நான்கோ துளை போடுதல், மெருகிடுதல், தரம் பிரித்து அட்டையில் தைத்தல் என்று வேலை வீட்டார் கைகளில் வரிசையாக நகர்ந்து செல்லும். பொத்தானின் குறுக்களவு திருப்பூரில் இன்றும் பேசப்படும் அதே கணக்கில்தான்: 40 லைன் ஓர் அங்குலம், சட்டைக்குப் பெரும்பாலும் 18 லைன். ஓட்டின் ஓரம் மெலிவாயும் நடு வளைவாயும் இருப்பதனால் ஒரு சிப்பியிலிருந்து சில வில்லைகளே தேறும். துளை விழுந்த மிச்சம் குப்பை. அறுப்பவனுக்கும் சாணை பிடிப்பவனுக்கும் சிப்பித் தூசி மார்பில் இறங்கும். ரம்பத்தில் நீர் சொட்டுவது சூட்டைத் தணிக்க மட்டுமன்று, தூசியை அடக்கவும்தான். அதுவும் முழுதும் அடங்குவதில்லை.

பொத்தானுக்கு ஏற்ற கனமான ஓடு எல்லா ஆற்றிலும் விளைவதில்லை. ஜெர்மனியில் ஹாம்புர்க்கை அடுத்த ஒட்டென்சனில் கொம்பு, எலும்பு, கடற்சிப்பி ஆகியவற்றில் பொத்தான் கடைந்து வாழ்ந்த ஜான் பிரெடெரிக் போப்பிள் 1887-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதற்கு, அந்நாட்டு ஆறு ஒன்றிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த ஒரு பெட்டிச் சிப்பியே தூண்டுதல் என்பார்கள். இல்லினாய் நாட்டுப்புறத்து ஆறு ஒன்றில் குளிக்க இறங்கியவரின் காலைச் சிப்பி கிழித்தது என்றும், தேடிய பொருள் காலடியில் கிடப்பதை அப்போதுதான் உணர்ந்தார் என்றும் கதை தொடர்கிறது. 1890-இல் அமெரிக்க அரசாங்கம் இறக்குமதிப் பொத்தான்களின்மேல் பெரும் சுங்கவரி விதிக்கவே, அடுத்த ஆண்டே மிசிசிப்பிக் கரையில் உள்ள மஸ்கட்டீன் என்னும் ஊரில் போப்பிள் பட்டறை வைத்தார். 1905-இல் அச்சிற்றூர் 150 கோடிப் பொத்தான்களைச் செய்து தள்ளியது. உலகத்துப் பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கே பிறந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பொத்தான்களை அட்டையில் தைத்தார்கள். ஆற்றங்கரைகளில் சிப்பியை வேகவைக்கும் அடுப்புகள் புகைந்தன. சில ஆண்டுகளிலேயே படுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின.

தொழில் பிழைக்க வேண்டுமானால் சிப்பியை வளர்க்க வேண்டும். வளர்க்க வேண்டுமானால் சிப்பி எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கேதான் ஓஸ்லோ நகரம் நம் கதைக்குள் வருகிறது. அந்நகரம் கிறிஸ்டியானியா என்ற பெயரோடு விளங்கிய நாளில், 1769-இல், அங்கே பிறந்தவர் யென்ஸ் ராத்கே. பின்னாளில் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்தவர். குளத்துச் சிப்பி ஒன்றின் செவுள்களைப் பிரித்துப் பார்த்த அவர், இரண்டு சிறு ஓடுகளும் கொக்கியும் உடைய நுண்ணுயிர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக அடைந்திருப்பதைக் கண்டார். சிப்பியின் உடம்பில் குடிபுகுந்த ஒட்டுண்ணிகள் இவை என்று தீர்மானித்து, 1797-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒட்டுண்ணி என்ற அடைமொழியோடு குளோக்கிடியம் எனப் பெயரும் சூட்டிவிட்டார். அந்த முடிவை எளிதில் பழிக்கலாகாது. தாயைப் போலவே தோன்றாத, தாயின் செவுளை அடைத்துக்கொண்டு கிடக்கிற ஆயிரமாயிரம் பிராணிகளைப் பார்க்கும் எவருக்கும் அதுவே முதலில் தோன்றும்.

அவை சிப்பியின் பிள்ளைகளே என்பது 1832-இல் நிலைபெற்றது. கார்ல் குஸ்தாவ் காருஸ் என்ற ஜெர்மானியர், சிப்பியின் முட்டையைத் தொடக்கம் முதல் விடாது கவனித்துவந்து, அது படிப்படியாக அந்தக் கொக்கி ஓட்டு உருவத்தை அடைவதைக் காட்டினார். ஆனால் தாயை விட்டு வெளியேறிய பிறகு பிள்ளை என்ன ஆயிற்று? மீன் துடுப்புகளில் காணப்பட்ட சிறு கொப்புளங்களுக்குள் அதே குளோக்கிடியம் சுருண்டிருப்பதை 1866-இல் பிரான்ஸ் லைடிக் கண்ட பிறகே அவ்விடுகதை அவிழ்ந்தது. ஆகவே ராத்கே ஒட்டுண்ணி என்றதில் பாதி உண்மை இருந்தது. ஒட்டும் இடத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். மீனின் செவுளையோ துடுப்பையோ தன் ஓடுகளால் கவ்விக்கொள்ளும் இளவுயிரியை மீனின் தோலே மூடி வளர்ந்து கூடாக அமைகிறது; உருமாற்றம் முடிந்ததும் இளவுயிரி கூட்டை உடைத்துக்கொண்டு ஆற்றடியில் விழுகிறது. நடக்கத் தெரியாத பிராணி ஆற்றோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் பரவுவது எப்படி என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெபேவர், கர்ட்டிஸ் என்ற இருவர், தொட்டியில் மீன்களை விட்டுக் குளோக்கிடியங்களை அதில் கலந்து, மீனுக்கு வேண்டுமென்றே சிப்பியைத் தொற்ற வைக்கலாம் என்று நிரூபித்து 1912-இல் விரிவாக எழுதினார்கள். மஸ்கட்டீனுக்கு அருகே பேர்போர்ட்டில் அரசாங்கம் நிறுவிய உயிரியல் நிலையம் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது. தம் தொழிலால் சிப்பி அருகிவருவதைக் கண்ணால் கண்ட போப்பிள் இறுதிக் காலத்தில் அந்நிலையத்துக்கே பணியாற்றினார் என்பதும், சிப்பி கிழித்த காலின் புண் விஷமேறி 1912-இல் இறந்தார் என்பதும் அவர் வரலாற்றின் முடிவு. எந்தச் சிப்பிக்கு எந்த மீன் என்று பேர்போர்ட்டில் பட்டியலிடத் தொடங்கியபோது, இனம் ஒன்றுக்கு எல்லா மீனும் ஒத்துவருவதில்லை என்பது புலப்பட்டது. ஒவ்வாத மீனின் உடல் சில நாட்களில் இளவுயிரியைக் கழித்துவிடும். பொத்தானுக்கு மிகச் சிறந்ததென்று கருதப்பட்ட கருங்காலிச் சிப்பிக்கு இசைந்தது, ஆற்றில் நெடுந்தூரம் மேலேறிச் செல்லும் ஒருவகை ஹெர்ரிங் மீன். 1913-இல் கியோகக் என்ற இடத்தில் மிசிசிப்பிக்குக் குறுக்கே அணை எழுந்தது. மீன் மேலே வருவது நின்றது. அணைக்கு மேலிருந்த கருங்காலிச் சிப்பிகள் பிள்ளையற்று முதுமையடைந்து மறைந்தன. ஒரு சிப்பியையும் தொடாமலே ஒரு சிப்பிக் குலத்தை அழிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பட்டறைகளோ பிளாஸ்டிக்கின் வரவால் ஒவ்வொன்றாக மூடின. 1960-களுக்குப் பின் மஸ்கட்டீனில் சிப்பிப் பொத்தான் கடைவோர் இல்லை.

இனி ஓஸ்லோவின் ஆற்றுக்கே வருவோம். நகரின் வடமேற்கே காட்டிலிருந்து இறங்கி புக்ஸ்டா ஏரியில் கலக்கும் சோர்கெடால் ஆற்றின் சரளைப் படுகையில் நன்னீர் முத்துச்சிப்பி இன்றும் வாழ்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள இவ்வினத்தில் பெரும் பகுதி நார்வேயின் ஆறுகளில்தான் இருக்கிறது. முற்காலத்தில் இதன் முத்துக்கள் டென்மார்க்-நார்வே அரசியாருக்கு உரியவையாயிருந்தன. ஆயிரம் சிப்பியைப் பிளந்தாலும் நல்ல முத்து அரிது என்பதால் அந்த உரிமையால் சிப்பிக்கு விளைந்த சேதம் அரசியாருக்கு விளைந்த லாபத்தைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். 1993 முதல் இவற்றைப் பிடிப்பதற்கு முழுத் தடை உண்டு.

இதன் வயதைக் கணிக்கும் முறை எளியது: கோடையில் ஓடு விரைந்து வளரும், குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்; ஆண்டுக்கு ஒன்றாகப் பதியும் கோடுகளை அறுத்த ஓட்டில் நுண்ணோக்கி வைத்து எண்ணலாம். நூறு வயது இதற்குச் சாதாரணம். இருநூறு கடந்தவையும் உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நார்வே நீரில் ஓட்டின் முதுமையான பகுதி கரைந்து தேய்ந்துவிடுவதனால், முதற் சில ஆண்டுகளின் கோடுகளை மட்டும் இளம் சிப்பிகளின் அளவைக் கொண்டு அனுமானித்துச் சேர்க்கிறார்கள். அதே மென்னீர்தான் அமில மழைக்கு இலக்காயிற்று. பிரிட்டனிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் எரிந்த நிலக்கரியின் கந்தகப் புகை தென் நார்வேயில் மழையாக இறங்கி ஆறுகளைப் புளிக்க வைத்ததை, ஓஸ்லோவின் நீராராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் 1970-களில் அளந்து நிலைநாட்டினார்கள். மீன் மடிந்த ஆற்றில் சிப்பிக் குஞ்சுக்குத் தொற்ற இடமில்லை. மீன் பிழைத்த ஆற்றிலும் அமில நீரைக் குஞ்சு தாங்குவதில்லை. இன்று அந்த ஆறுகள் பலவற்றில் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துத் தூவிப் புளிப்பை முறிக்கிறார்கள். தூவுவது பொத்தானின் அதே கால்சியம் கார்பனேட்.

தாய்ச்சிப்பி ஒன்று ஆண்டுக்குப் பல லட்சக்கணக்கான இளவுயிரிகளை நீரில் விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே. அமெரிக்கப் பொத்தான் சிப்பியின் குஞ்சு மீனில் சில வாரமே தங்கும். நார்வேச் சிப்பியின் குஞ்சோ இலையுதிர் காலத்தில் ஒட்டி, குளிர்காலம் முழுவதும் செவுளில் கழித்து, ஏறத்தாழ பத்து மாதங்களுக்குப் பின் உதிர்கிறது. அதற்கு ஏற்றவை சால்மன், ட்ரவுட் என்ற இரண்டே மீன்கள். இன்னும் நுட்பமாக, சில ஆற்றுச் சிப்பிகள் சால்மனையே நாடுகின்றன, சில ட்ரவுட்டையே நாடுகின்றன என்பதையும், அவ்விரு கூட்டத்தாரின் மரபணுக்களும் வேறுபடுகின்றன என்பதையும் நார்வே ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து ஏறும் சால்மன் ஓஸ்லோவின் லீசாக்கர் ஆற்று அருவிகளைத் தாண்டுவதில்லை. ஆதலால் அதற்கு மேலேயுள்ள சோர்கெடாலின் சிப்பிகளுக்கு ட்ரவுட்டே கதி. ட்ரவுட் குறைந்தால் சிப்பியின் சந்ததியும் நின்றுவிடும்.

பெர்கன் நகரத்துக்கு அருகே ஆஸ்தெவொல் தீவில் உள்ள வளர்ப்பு நிலையத்தில், அழியும் நிலையிலுள்ள ஆறுகளிலிருந்து தாய்ச்சிப்பிகளைக் கொண்டுவந்து, அவ்வவ்வாற்றுக்கு இசைந்த மீனின் செவுளில் இளவுயிரிகளைத் தொற்ற வைத்து, உதிர்ந்த குஞ்சுகளைச் சில ஆண்டுகள் வளர்த்துப் பிறந்த ஆற்றிலேயே திரும்ப விடுகிறார்கள். பேர்போர்ட்டில் பொத்தானுக்காகக் கற்ற முறைதான் அடிப்படை. ஆனால் இங்கே ஓட்டுக்கு விலை இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் நீரை வடிகட்டித் தெளியவைக்கும் பிராணி ஆற்றில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஓர் ஆறு நலமாயிருக்கிறதா என்று கண்டறியக் கண்ணாடி அடியுள்ள பார்வைக் குழாயை நீரில் அழுத்திக்கொண்டு சிப்பிகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை பெரிதாயிருப்பது மட்டும் போதாது. நூறாண்டு வாழும் பிராணியாதலால், ஐம்பது ஆண்டுகளாகக் குஞ்சே பிறக்காத ஆற்றிலும் படுகை நிறையச் சிப்பி கிடக்கும். ஆகவே சரளையைக் கிளறி, 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை என்று தனித்தனியே அளந்து குறித்துக்கொள்கிறார்கள். சிறியவை அகப்பட்டால் அந்த ஆற்றுக்குத் தற்போதைக்கு வேறு உதவி வேண்டியதில்லை. அகப்படாவிட்டால், அடுத்து ட்ரவுட்டின் செவுளைப் பரிசோதிக்கிறார்கள்: அங்கே குளோக்கிடியம் இருந்தால் குறை சரளைப் படுகையில் உள்ளது, இல்லாவிட்டால் குறை மீனிலோ தாய்ச்சிப்பியிலோ இருக்கிறது.